குடிக்காத குடியை விட்டவர்

1

இந்தக் கதை என் தொப்பையில் பிறந்தது. ஒளித்து என்ன ஆகப்போகிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தேவாலயச் சபையின் ஆண்டு மலருக்கு ஒரு கதை வேண்டும் என்று மணியம்மா கேட்டிருந்தார். அவருக்கு அந்தப் பெயர் வந்ததே சாட்சி நேரத்தால்தான். மாதத்தின் கடைசி ஞாயிறன்று ஆராதனையின் நடுவே சிலர் முன்னால் வந்து, தாங்கள் எப்படிப் பாவத்தில் கிடந்தோம், எப்படி மீண்டோம் என்று சாட்சி சொல்வார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். ஐந்து முடிந்ததும், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையான இந்த அம்மா, மேசைமேல் இருக்கும் மணியை ‘டிங்’ என்று தட்டுவார். பரலோக வாசலில் ஒரு காலை வைத்தவரானாலும் காலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். சபையின் செயலாளரும் அவரே, மலரின் ஆசிரியரும் அவரே.

“பாவத்த ஜெயிக்கிறதப் பத்தி ஒரு கதை எழுதுங்க. சோதனை வரணும், விழணும், மனந்திரும்பணும், எழுந்திருக்கணும். கடைசியில பிசாசு தோக்கணும். அதுல மட்டும் புதுமை எதுவும் பண்ணிடாதீங்க,” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “சிரிப்புக் கதையும் வேண்டாம்,” என்று சேர்த்துக்கொண்டார்.

நான் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கும் கையேடு எழுதிப் பிழைக்கிறவன். ‘முதலில் மின்இணைப்பைத் துண்டிக்கவும்’ என்று ஆரம்பித்தே பழகிய கைக்கு, பிசாசை எந்த இடத்தில் துண்டிப்பது என்று பிடிபடவில்லை. மூன்று வாரம் நாற்காலியை விட்டு எழாமல் யோசித்தேன். கதை வளரவில்லை, வயிறு வளர்ந்தது. ஒரு காலையில் கால்சட்டைப் பொத்தான் தெறித்து அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டது. கால்சட்டையை எடுத்துக்கொண்டு தையற்காரரிடம் போனேன். நான் தேடிய கதை அங்கே ஊசியை வாயில் கவ்விக்கொண்டு நின்றிருந்தது.*

* பெருந்தீனியும் பாவப் பட்டியலில் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதை ஜெயித்த பிறகு அதைப் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன். ஆகையால் எழுத மாட்டேன்.

2

முதல் தொடக்கம்:

இருள் சூழ்ந்த அந்த அறையின் மூலையில், பிசாசின் கண்கள் இரண்டு கனல் துண்டுகளாக

[விட்டுவிட்டேன். தையற்கடையில் இரண்டு குழல்விளக்குகள் எரிகின்றன. ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் வேண்டாமா? இருள் சூழ்வதற்கு அங்கே தோது இல்லை.]

இரண்டாம் தொடக்கம்:

பிசாசு கடைக்குள் வந்து ஒரு கால்சட்டையை மேசைமேல் போட்டது.

“பின்னாடி கொஞ்சம் பிரிச்சு விடணும்.”

“இடுப்பு பிடிக்குதுங்களா?” என்றார் தையற்காரர்.

“இடுப்பு இல்ல. வால்.”

தையற்காரர் கால்சட்டையை உள்புறமாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “உள்ள துணியே விடலீங்களே. இத எவன் தைச்சான்?”

[இதை மணியம்மாவிடம் காட்டினேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் படித்தார், ஆனால் தோள்கள் குலுங்கின. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ‘வால் வேண்டாம்’ என்று எழுதினார்.]

மூன்றாம் தொடக்கம்:

தையற்காரர் தன் வாழ்நாளில் ஒருபோதும் குடித்ததில்லை.

இதுதான் சரி. ஒரே ஒரு சங்கடம், முதல் வரியிலேயே கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. அவிழட்டும். பிரிப்பதுதானே அவர் தொழில்?

3

அவர் கடையில் புதுத்துணி தைப்பதில்லை. பெரியதைச் சிறியதாக்குவார், சிறியதைப் பெரியதாக்குவார், அவ்வளவுதான். சுவர் நெடுக ஊரார் உடம்பின் வரலாறு தொங்கும். இந்தக் கோட்டுக்காரர் இளைத்திருக்கிறார், அந்தப் பாவாடைக்காரி தேறியிருக்கிறாள், இந்தச் சீருடைக்கு உரியவன் ஒரே வருடத்தில் நாலு அங்குலம் வளர்ந்திருக்கிறான். ஊரில் நிறையப் பேரின் இடுப்பளவு அவருக்குத் தெரியும், யாரிடமும் சொன்னதில்லை. ரகசியம் காக்கத் தெரிந்த மனிதர். தன் ரகசியத்தை அவர் பதினேழு வருடம் காத்தார்.

பதினேழு வருடத்துக்கு முன் சபையில் சேர்ந்த புதிதில், அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஒரு வாரம் யோசித்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போனார். சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: ‘பக்கத்துக் கடைக்காரர்மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இப்போது குறைந்திருக்கிறது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.’

கெட்ட நேரம், அவருக்கு முன்னால் பேசியவர் ஒரு பழைய திருடர். கூரையைப் பிரித்து இறங்கியதும், இறங்கிய வீட்டில் ஒரு கைக்குழந்தை விழித்துச் சிரித்ததும், திருடியதைத் திருப்பி வைத்துவிட்டு அதே கூரை வழியே ஏறிப் போனதுமாக மனிதர் பிரித்து மேய்ந்துவிட்டார். சபையே விம்மியது. மணியம்மா மணியடிக்க மறந்தார்.

அடுத்து இவர். மேடையில் நின்று பார்த்தால் எல்லாக் கண்ணிலும் கண்ணீர், எல்லாக் கண்ணும் இவர்மேல். கையில் பொறாமைச் சீட்டு. அந்தச் சீட்டு அப்போது அவருக்குக் கல்யாண வீட்டுக்குக் கைக்குட்டை மொய் கொண்டுபோனதுபோல இருந்ததாம். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நான் ஒரு பெருங்குடிகாரனா இருந்தேன்,” என்று ஒரு குரல் கேட்டது.

யார் சொன்னது என்று அவரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

அவர் குடித்த மொத்தக் குடி: ஒரு நண்பர் வீட்டு விருந்தில் பழச்சாறு என்று நினைத்து வாயில் ஊற்றிக்கொண்ட ஒரு மடக்கு. அதையும் பூந்தொட்டியில் துப்பிவிட்டார். செடிக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை.

தையற்காரருக்குத் துணியைப் பிரித்து விடத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? சாட்சியையும் வருடத்துக்கு ஓர் அங்குலம் பிரித்து விட்டார். முதல் வருடம் ஒரு புட்டி. இரண்டாம் வருடம் சாக்கடையில் விழுந்து கிடந்தார். மூன்றாம் வருடம் சாக்கடையில் கிடந்தவர் முகத்தை ஒரு நாய் வந்து நக்கியது. ஆறாம் வருடம் பிசாசே நேரில் வந்து, அவருடைய தையல் மிஷினில் உட்கார்ந்து மிதித்தது. அக்கம்பக்கத்துச் சபைகளிலிருந்து அழைப்பு வந்தது. எல்லா இடத்திலும் சாட்சியின் கடைசி வரி ஒன்றுதான்: “ஒரே ஜெபம், ஒரே நாள். அன்னைக்கு விட்டவன்தான். அதுக்கப்புறம் அந்த நெனப்புகூட என் நாக்குல வந்ததில்ல.”

மொத்தச் சாட்சியிலும் உண்மை அந்தக் கடைசி வாக்கியம் மட்டும்தான்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இந்த ஆளை வாசகர் நம்புவாரா? ஊரில் இல்லாத நல்லவனாக நடிக்கிறவன் உண்டு, கெட்டவனாக இருந்ததாக நடிக்கிறவன் உண்டா? என் இடுப்பை அளந்துகொண்டிருந்தவரிடமே கேட்டுவிட்டேன்.

“முதல் தடவ சொல்லிட்டு அடுத்த வாரம் சபைப் பக்கமே போகல சார். ரெண்டாவது தடவ சொல்லும்போது அழுகை வந்துச்சு, நெஜ அழுகை. அஞ்சாவது தடவைக்கு அப்புறம் எனக்கே ஞாபகம் இருக்கு சார், அந்த நாய் நக்குனது. சொரசொரன்னு இருந்துச்சு.”

எனக்கு அவர்மேல் அன்பு வந்தது அந்த நாயால்தான். கதாசிரியர் என்று சொல்லிக்கொள்கிற எனக்கு இப்படி ஒரு நாய் இதுவரை அமைந்ததில்லை.]

4

அவருடைய மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஐம்பது குழந்தைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்குகிறவர். அவரை இந்தக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். பயம்தான் காரணம்.

ஆனால் அவர் இல்லாமல் இந்தப் பொய்யின் கனம் தெரியாது. அவருடைய அப்பா குடித்தே செத்தவர். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, “குடிக்காதவன் வேண்டாம். இன்னைக்குக் குடிக்காதவன் நாளைக்குக் குடிப்பான். குடிச்சு ஜெயிச்சவன் யாராவது இருந்தா சொல்லுங்க,” என்று அந்தப் பெண் சொன்னாராம். அப்போது இவருடைய சாட்சி சாக்கடைவரை வந்திருந்தது, நாய் இன்னும் வரவில்லை. பெண் அதைக் கேட்டார், கல்யாணம் நடந்தது, பதினைந்து வருடம் ஆகிறது. இந்தப் பதினைந்து வருடத்தில் தையற்காரருக்கு எத்தனை இருமல் வந்தாலும் வெந்நீர்தான். இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்கிறதாம், வீட்டுப் படி ஏறக் கூடாது.

ஆகவே தையற்காரர் தன் பொய்யைக் கட்டிக்கொண்டு, அந்தப் பொய்யைக் கட்டிக்கொண்டவரோடு, இருமிக்கொண்டே குடும்பம் நடத்தினார். கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

5

இங்கிருந்து கொஞ்ச தூரம் நான் வேடிக்கை பேசப்போவதில்லை. மணியம்மா சந்தோஷப்படுவார்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கடைக்கு ஒரு பெயின்டர் வந்தார். வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். நாற்பது வயது இருக்கும். நகக்கண்ணில் வெள்ளைச் சாயம். துணி எதுவும் கொண்டுவரவில்லை. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முக்காலியில் வந்து உட்கார்ந்தார்.

“அண்ணே, போன வருஷம் உங்க சாட்சியக் கேட்டேன். கடைசி பெஞ்சுல இருந்தேன். அன்னைக்கும் போட்டுட்டுத்தான் வந்திருந்தேன்.”

தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“இப்ப விட்டுட்டேண்ணே. இன்னையோட பதினோரு நாள். ஆனா பாருங்க.” இரண்டு கையையும் நீட்டினார். விரல்கள் தனித்தனியாக நடுங்கின. “சுவரெல்லாம் அடிச்சுர்றேன். கதவு, சன்னல் ஓரத்துல ஒரு கோடு இழுக்கணும் பாருங்க, அது நேரா வர மாட்டேங்குது. காலைல எழுந்தா அதே நெனப்பு. மத்தியானம் அதே நெனப்பு. ஜெபம் பண்ணும்போதுகூட அதே நெனப்பு.”

“சரியாயிடும் தம்பி.”

“எப்போண்ணே? உங்களுக்கு ஒரே நாள்ல போச்சு. நாக்குல நெனப்பே வரலைன்னு சொன்னீங்க. நானும் அதே ஜெபத்தத்தான் பண்ணுனேன். வார்த்த மாறாம, நீங்க சொன்னதையே எழுதி வச்சுக்கிட்டுப் பண்ணுனேன். எனக்குப் போகலையே.” அவர் குரல் இறங்கியது. “அப்ப ஆண்டவருக்கு உங்களப் பிடிச்சிருக்கு, என்னப் பிடிக்கல. அதானே?”

தையற்காரருக்கு அப்போது இருமல் வந்தது. இருமல் நிற்கும்வரை பெயின்டர் காத்திருந்தார்.

“இந்த ஞாயித்துக்கிழமை உங்க சாட்சி இருக்குன்னு சொன்னாங்க. வந்து இன்னொரு தடவ கேக்குறேன். நான் எதையோ தவற விட்டிருப்பேன். அதுலயும் ஒண்ணும் நடக்கலைன்னா, விட்டுர்றேண்ணே.”

“எத? குடியையா?”

“இல்லண்ணே. விட முயற்சி பண்றத.”

அவர் போன பிறகு தையற்காரர் ஒரு மணி நேரம் ஒரே கையைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். சட்டையின் கையைத்தான் சொல்கிறேன். பதினேழு வருடமாக யாருக்கும் கெடுதல் செய்யாத பொய் என்று நினைத்து வைத்திருந்தது, முக்காலியில் வந்து உட்கார்ந்து, கையை நீட்டிக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. “ஜெபம் பண்ணிக்கிறேன் தம்பி” என்றுதான் சொன்னார். வெட்கக்கேடு சார் என்று என்னிடம் சொன்னபோது, அவர் தலை குனிந்திருந்தது என் கால்சட்டையை அளப்பதற்காக மட்டும் அல்ல.

6

கொஞ்சம் கட்டுரை. வேண்டாதவர்கள் ஏழுக்குத் தாண்டிவிடலாம்.

சோதனை என்றால் பிசாசு வந்து கெட்டதைச் செய்யச் சொல்லும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது அவ்வளவு முட்டாள் என்று யார் சொன்னது? வனாந்தரத்தில் நாற்பது நாள் பட்டினி கிடந்த இயேசுவிடம் அது வந்து கேட்டது என்ன? கல்லை அப்பமாக்கு என்றது. அப்பம் கெட்ட பொருளா? பசித்தவருக்குச் சாப்பாடு, நல்ல யோசனைதான். பிசாசின் யோசனைகள் எல்லாமே கேட்கும்போது நல்ல யோசனைகள்.

பாவத்தை ஜெயிப்பதும் மல்யுத்தம் மாதிரி, ஒரே பிடியில் மண்ணைக் கவ்வ வைத்துவிடலாம் என்றும் நினைக்கிறோம். சாட்சி நேரத்தில் அந்த மாதிரி ஜெயித்தவர்கள்தான் மேடை ஏறுகிறார்கள். தினமும் தோற்று, தினமும் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஐந்து நிமிடம் போதாது. என் கையேடுகளில் ‘ஒருமுறை துவைத்தால் மறுபடி அழுக்காகாது’ என்று நான் எந்த இயந்திரத்தைப் பற்றியும் எழுதியதில்லை. எழுதினால் வழக்குப் போடுவார்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று முடிவுகள் என் மேசையில் இருந்தன.

அ) மணியம்மாவின் முடிவு. தையற்காரர் மேடையில் உண்மையைச் சொல்லி அழுகிறார், சபை மன்னித்து அழுகிறது, பெயின்டரின் கை அங்கேயே நின்றுபோகிறது. எல்லோரும் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள்.

[நடுக்கம் ஒரே நாளில் நிற்கிற கதையைத்தானே இந்த மனிதர் பதினேழு வருடமாகச் சொன்னார்? மறுபடியுமா?]

ஆ) தையற்காரரின் முடிவு, அதாவது வெள்ளியும் சனியும் அவர் மனதில் போட்டுப் பார்த்தது. மேடையில் பொய்யை இன்னும் ஓர் அங்குலம் பிரித்து விடுவது. ‘எனக்கும் கை நடுங்கியது, எனக்கும் நாற்பது நாள் ஆனது’ என்று சேர்த்துவிட்டால் போதும். பெயின்டருக்குத் தெம்பு வரும். பொய்யால் ஓர் ஆள் பிழைப்பான். மனைவிக்கும் தெரியாது. யாருக்கு நஷ்டம்?

[இந்த முடிவைப் படித்துப் பாருங்கள். எவ்வளவு நன்றாக இருக்கிறது! கல்லை அப்பமாக்குகிற முடிவு இது. சொல்லப்போனால் நான் இதைத்தான் எழுதியிருப்பேன். அவரும் இதைத்தான் சொல்லப்போனார்.]

இ) நடந்தது.

7

ஞாயிற்றுக்கிழமை தையற்காரர் மேடை ஏறினார். கழுத்தில் இஞ்சு டேப் கிடந்தது. காலையில் கடைக்குப் போய் யோசித்துவிட்டு, அதைக் கழற்ற மறந்து வந்துவிட்டார். நானும் அன்று இருந்தேன், கால்சட்டைக்கு ஊக்கு குத்திக்கொண்டு. அவர் கடைக்கு நான் போனது மறுநாள்தான்.

கடைசிப் பெஞ்சில் பெயின்டர். மடியில் ஒரு சின்ன நோட்டு, கையில் பென்சில். எழுதிக்கொள்ள வந்திருக்கிறார். பென்சில் நடுங்குவது மேடைவரை தெரிந்ததாம். அந்தப் பென்சிலைப் பார்த்ததும், ராவெல்லாம் பிரித்து விட்டு வைத்திருந்த அந்த ஓர் அங்குலம் அவர் வாயில் வரவில்லை.

“நான் குடிச்சதே இல்ல,” என்றார் தையற்காரர்.

அடுத்த நொடி போதகர் துள்ளி எழுந்தார்.

“கவனிச்சீங்களா பிரியமானவங்களே! ‘நான் குடிச்சதே இல்ல’ங்கிறாரு! பழைய மனுஷன் செத்துட்டான்! குடிச்சவன் வேற ஆளு, இவரு வேற ஆளு! எவ்வளவு சுத்தமா கழுவப்பட்டிருந்தா ஒரு மனுஷன் வாயிலேர்ந்து இந்த வார்த்த வரும்!”

“அல்லேலூயா!” என்றது சபை.

“ஐயா, அப்படி இல்லீங்கய்யா. நெஜமாவே குடிச்சதில்ல.”

“நெஜமாவே! ஆமென்!”

“நான் பொய் சொன்னேன்!” என்று கத்தினார் தையற்காரர்.

“நாம எல்லாருமே பொய்யருங்கதான் அண்ணே!” என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கண்ணீரோடு பதில் சொன்னார்.

“நாய் நக்கல! அந்த நாயே கெடையாது!”

“பார்த்தீங்களா, நாயக்கூட மறந்துட்டாரு! கடந்துபோனத ஆண்டவர் நினைக்கிறதில்ல, இவரும் நினைக்கிறதில்ல!” போதகருக்கு அழுகையே வந்துவிட்டது.

டிங்.

மணி அடித்தால் இறங்க வேண்டும். பதினேழு வருடப் பழக்கம், கால் தானாக இறங்கிவிட்டது. பொய்யை ஒரு தடவை சொன்னதும் நம்பிய சபை, உண்மையை நாலு தடவை சொல்லியும் நம்பவில்லை. கீழே வந்து நிமிர்ந்து பார்த்தார். கடைசிப் பெஞ்சில் நோட்டு மட்டும் இருந்தது. ஆள் இல்லை.

வாசலை நோக்கி ஓடினார். வழியில் மனைவி நின்றார். பேருந்தையே நிறுத்துகிறவர், இவர் எம்மாத்திரம்?

“நெஜமாவா?”

“நெஜம்.”

“ஒரு சொட்டுகூட இல்லையா?”

“ஒரு வாய். அதையும் துப்பிட்டேன்.”

“பதினஞ்சு வருஷமா, தெனம் சாயங்காலம் நீங்க உள்ள வந்ததும் ஓடி வந்து பக்கத்துல நிக்கிறேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?”

“பாசம்னு நெனச்சேன்.”

“மோந்து பாத்தேன்யா!” என்றார் அந்த அம்மா. முதல்முறையாக மரியாதை போனது. “பதினஞ்சு வருஷம்! சளி பிடிச்சு மூக்கடைச்ச அன்னைக்கெல்லாம் தூக்கமே இல்லாம கெடந்தேன். மோந்து பாக்க முடியலையேன்னு!” கண்ணில் தண்ணீர் நின்றது, சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. பிறகு ஒதுங்கி வழிவிட்டார். “அந்த ஆளு வெளிய போயிட்டான். அவனப் பிடிங்க மொதல்ல. உங்கள நான் அப்புறம் வச்சுக்கிறேன்.”

8

சபை இருக்கிற தெரு ஒரு முச்சந்தியில் போய் முட்டும். இடதுபக்கம் மதுக்கடை. வலதுபக்கம் பேருந்து நிறுத்தம், அதைத் தாண்டினால் தையற்கடை. இதை நான் கதைக்காக வைக்கவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது, எழுத்தாளனைக் கேட்டா கட்டுகிறார்கள்?

பெயின்டர் முச்சந்தியில் நின்றிருந்தார். இஞ்சு டேப் பறக்க ஓடி வந்தவரைப் பார்த்ததும் கேட்டார்.

“அவங்க என்னவோ சொல்லிக்கட்டும். நீங்க சொல்லுங்கண்ணே. குடிச்சதே இல்லையா?”

“இல்ல தம்பி.”

“அப்ப அந்த ஒரே நாள்ல போனது?”

“எங்கிட்ட போறதுக்கு ஒண்ணுமில்ல. அதான் அவ்வளவு சீக்கிரம் போச்சு.” தையற்காரருக்கு மூச்சு வாங்கியது. “கை நடுங்குறது எப்போ நிக்கும்னு எனக்குத் தெரியாது. ஆண்டவருக்கு உன்னப் பிடிக்குதான்னு சொல்றதுக்கு நான் யாரு? ஒண்ணு மட்டும் தெரியும். பதினாலு நாளா விட்டிருக்கிறவன் நீ. நான் என் வாழ்நாள்ல ஒரு நாள்கூட எதையும் விட்டதில்ல. அந்தப் பொய்யக்கூட இன்னைக்குத்தான் விட்டேன். எனக்கு இது முதல் நாள்.”

பெயின்டர் அவரைப் பார்த்தார். பிறகு இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார்.

இந்த இடத்தில் தையற்காரர் என் கால்சட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“அப்புறம்?” என்றேன்.

“இதுவரைக்கும் எழுதுறதுன்னா எழுதிக்கங்க சார். இது என் அசிங்கம், என் பொண்டாட்டியும் சரின்னுட்டா. இதுக்கு மேல எழுத மாட்டேன்னு வாக்குக் குடுத்தா, சொல்றேன்.”

“ஏன்?”

“இதுக்கு மேல அது அவன் கதை. ஊரான் பாவத்த எடுத்து நான் பதினேழு வருஷம் உடுத்திக்கிட்டது போதும். அவனா ஒரு நாள் சொன்னா, சொல்லட்டும்.”

வாக்குக் கொடுத்தேன். கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள ஓர் எழுத்தாளன் எதையும் கொடுப்பான். அவர் சொன்னார். எனக்குத் தெரியும்.

9

மணியம்மா இதுவரை படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

“அன்னைக்கு மணி அஞ்சாவது நிமிஷத்துல அடிக்கல. மூணாவது நிமிஷத்துலயே அடிச்சுட்டேன். மனுஷன் உண்மையத்தான் சொல்றாருன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. சபை என்ன ஆகுமோன்னு பயந்துட்டேன்.”

“இத எழுதலாமாங்க?”

அவர் சன்னலைப் பார்த்தார். “எழுதுங்க. ஆனா மூணுன்னு போட வேண்டாம். நாலுன்னு போடுங்க.”

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரி, மூணுன்னே போடுங்க. கடைசிப் பக்கம் எங்க?”

வாக்குக் கொடுத்த விஷயத்தைச் சொன்னேன்.

“பிசாசு தோத்துச்சா இல்லையா? அத மட்டும் என் காதுல சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

சொல்லவில்லை. பாவத்தைப் பற்றி ஒரு கதை எழுத உட்கார்ந்து, நான் ஜெயித்தது அந்த ஒரு நிமிடம்தான். அதையாவது சாட்சியாகப் பதிவு செய்துகொள்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு வந்து இந்தப் பக்கத்தின் முன்னால் உட்கார்ந்ததும் பிசாசு வந்துவிட்டது. வால் இல்லை, கனல் கண் இல்லை. நல்ல பத்திரிகை ஆசிரியர் போல மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பேசுகிறது. ‘பெயின்டருக்கு என்ன ஆயிற்று என்று எழுத மாட்டேன் என்றுதானே வாக்கு? தையற்கடைக் கதவைப் பற்றி வாக்குக் கொடுத்தாயா? நீ போன வாரம் கால்சட்டையை வாங்கப் போனாய், கண்ணால் பார்த்தாய். பார்த்ததை எழுதுவது பாவமா? வாசகர் பாவம், இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.’ எவ்வளவு நல்ல யோசனை!

போன வாரம் நான் போனபோது, தையற்கடைக் கதவுக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தது. ஓரத்தில் இழுத்த வெள்ளைக் கோடு மேலே இரண்டு இடத்தில் நன்றாக நடுங்கி, கீழே வரவர

[நிறுத்திவிட்டேன். ஆனால் சீக்கிரம் நிறுத்தவில்லை என்பதை நீங்களும் பார்க்கிறீர்கள்.]

இந்த அரை வாக்கியத்தை அடித்தால் நான் வாக்கைக் காப்பாற்றியவன். விட்டுவைத்தால் விழுந்தவன். ஒரு மணி நேரமாகப் பேனா கையிலேயே இருக்கிறது, அடிக்க மனம் வரவில்லை. மணியம்மாவின் சிவப்புப் பேனாவை இந்தப் பக்கத்தோடு சேர்த்து உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். அடிப்பதா, கோட்டைக் கீழேவரை இழுத்து முடிப்பதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கால்சட்டை இப்போது சரியாக இருக்கிறது. பிரித்து விட்ட இடத்தில் பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிகின்றன, எத்தனை இஸ்திரி போட்டாலும் அவை போகாதாம். சட்டையை வெளியே விட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்று தையற்காரர் வழி சொன்னார். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.